கேஸ் சரியாக இருந்தது, எண்ணெய் கூடியிருந்தது: ஒரு டாக்சி ஏசியின் நிகழ்வு ஆய்வு

திருச்சியில் கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மே மாத மதியம். வெள்ளை நிற செடான் டாக்சி ஒன்று பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவர்தான் உரிமையாளரும். கடன் வாங்கி வாங்கிய வண்டி, சென்னைக்கும் மதுரைக்கும் மாறி மாறி ஓடுகிறது. அவர் சொன்ன புகாரை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பாதி விடை அதிலேயே இருந்தது.

"காலையில நல்லாத்தான் இருக்குண்ணே. பதினோரு மணிக்கு மேல காத்து மட்டும்தான் வருது. பைபாஸ்ல போனா பரவால்ல, சிக்னல்ல நின்னா போச்சு. காலையில முதல் தடவை ஏசி போட்டா முன்னாடி கட்கட்னு ஒரு சத்தம், அப்புறம் நின்னுடுது."

14 மாதத்தில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு கடைகளில் கேஸ் அடித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் முதல் சில வாரம் நன்றாக இருக்கும், பிறகு குறையும். கடைசியாக அடித்து மூன்று வாரம்தான் ஆகிறது. இந்த முறை அடித்த அன்றுகூட குளிர்ச்சி சரியாக வரவில்லை. அந்தக் கடையில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கம்ப்ரசர் போச்சு, மாத்தணும்" என்று 22,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று இங்கே வந்தார்.

பானட்டைத் திறந்து முதலில் ஸ்டிக்கரைப் பார்த்தேன். கேஸ் ஆர்-134ஏ, 400 கிராம். கம்ப்ரசருக்கான எண்ணெய் பிஏஜி 46, மொத்தம் 120 மில்லி. இந்த இரண்டாவது எண்ணைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. இந்த வண்டியின் கதை முழுக்க அதில்தான் இருந்தது.

வெளியே 37 டிகிரி. கதவுகளைத் திறந்து வைத்து, புளோயரை முழு வேகத்தில் போட்டு, இன்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் பிடித்து, அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினேன். லோ பக்கம், அதாவது கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் பக்கம், 46 பிஎஸ்ஐ; ஹை பக்கம், அதாவது கம்ப்ரசர் கேஸை அழுத்தித் தள்ளும் பக்கம், 300 பிஎஸ்ஐ. வென்ட்டில் 18 டிகிரி காற்று. இரண்டு பக்கமும் கூடுதல். 46 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஆர்-134ஏ ஏறக்குறைய 10 டிகிரியில்தான் கொதிக்கும். காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலே 10 டிகிரியில் இருந்தால் உள்ளே வரும் காற்று எப்படிக் குளிரும்?

இரண்டு முள்ளும் மேலே நின்றால் மெக்கானிக் மனதில் முதலில் வருவது "கேஸ் அதிகம்" என்பதுதான். எனக்கும் அதுதான் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு அடித்த கேஸ், அளக்காமல் அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் இதே அறிகுறிக்கு வேறு காரணங்களும் உண்டு: கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் தூசி அடைப்பு, ஃபேன் வேகம் குறைவு, சிஸ்டத்துக்குள் காற்று. எளிதானதில் தொடங்கினேன். கண்டென்சரை உள்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். பூச்சியும் மண்ணும் நிறையவே வந்தன. ஃபேன் இரண்டு வேகத்திலும் சரியாகச் சுற்றியது. மறுபடி கேஜைப் பார்த்தால் ஹை பக்கம் 280. கொஞ்சம் இறங்கியது, போதவில்லை. லோ பக்கத்தில் ஒரு புள்ளிதான் மாற்றம்.

சரி, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அவருக்கு அன்றைய சவாரி போனது வருத்தம்தான். ஆனாலும் விட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, இன்ஜினைத் தொடாமல், இரவு முழுக்க நிழலில் நின்ற வண்டியில் கேஜ் மாட்டினேன். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், செலவு கிடையாது. மூடிய சிஸ்டத்துக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்போது, அங்குள்ள அழுத்தத்தை வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கும். 250 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். அதனால் நின்ற வண்டியின் கேஜைப் பார்த்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்வதில் பொருளே இல்லை. ஆனால் உள்ளே காற்று கலந்திருந்தால் அது இதில் காட்டிக்கொடுத்துவிடும், அந்த வெப்பநிலைக்கு அட்டவணை சொல்லும் அழுத்தத்தைத் தாண்டி முள் நிற்கும். அன்று காலை பட்டறையில் 29 டிகிரி. ஆர்-134ஏ-க்கு அந்த வெப்பநிலையில் ஏறக்குறைய 94 பிஎஸ்ஐ வரவேண்டும். கேஜ் 94-ஐத் தொட்டு நின்றது. காற்று இல்லை.

மீதி இருந்தது கேஸின் அளவு. கேஸை வெளியே விடாமல் இழுத்துச் சேமிக்கும் ரெக்கவரி மெஷினில் முழுவதையும் இழுத்தேன். தராசு 385 கிராம் காட்டியது. ஸ்டிக்கர் சொல்வதைவிட 15 கிராம் குறைவு! கேஸ் அதிகம் என்ற என் முதல் கணிப்பு அங்கேயே உடைந்தது.

அப்போதுதான் மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தேன். கேஸை இழுக்கும்போது அதோடு சேர்ந்து வரும் எண்ணெய் பிரிந்து விழும் சின்ன பாட்டில் அது. வழக்கமாக என் மெஷினில் ஐந்திலிருந்து பத்து மில்லி வரும். அன்று 30 மில்லி இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் பைப்பைக் கழற்றி கேஸை அப்படியே காற்றில் விட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோ ஆர்-134ஏ, ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைவிட 1,400 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. அது ஒரு பக்கம். நோயாளியின் ரத்தப் பரிசோதனைக் குழாயை வாஷ்பேசினில் ஊற்றுவது போல, கண்டுபிடிக்க வேண்டிய சாட்சியையும் சேர்த்து ஊதிவிடுகிறோம் என்பது இன்னொரு பக்கம். எத்தனை கிராம் இருந்தது, எத்தனை மில்லி எண்ணெய் வந்தது என்ற இரண்டு எண்களும் அந்த "புஸ்" சத்தத்தோடு போய்விடும்.

எண்ணெய் எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இதற்கு மேல் போக முடியாது. இன்ஜினில் எண்ணெய் கீழே ஆயில் பேனில் தங்கும், குச்சியை விட்டுப் பார்க்கலாம். இன்றைய கார் ஏசி கம்ப்ரசரில் அப்படி ஒரு தொட்டி கிடையாது. எண்ணெய் கேஸோடு கலந்து சிஸ்டம் முழுக்கச் சுற்றுகிறது. கம்ப்ரசரில் ஏறக்குறைய பாதி இருக்கும், மீதி கண்டென்சர், கூலிங் காயில், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், பைப்புகள் என்று பரவிக் கிடக்கும். சுற்றிவரும் கேஸ்தான் அதைத் திரும்பக் கம்ப்ரசருக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பழைய ஏசி கேஸான ஆர்-12 காலத்தில் மினரல் எண்ணெய் போதுமானதாக இருந்தது. ஓசோனைக் காக்க 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து ஆர்-12 படிப்படியாக விலகியபோது, அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ-யோடு மினரல் எண்ணெய் கலக்கவில்லை. அது போன இடத்திலேயே தங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்துபோகும். அதனால்தான் ஆர்-134ஏ-யோடு சேர்ந்து சுற்றும் பிஏஜி என்ற செயற்கை எண்ணெய் வந்தது.

பழைய ஐந்து பிஸ்டன் சாண்டன் கம்ப்ரசர்களில் மட்டும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிக் குச்சி விட்டுப் பார்க்கும் வழி உண்டு. அதிலும் கேஸை முழுக்க எடுத்த பிறகுதான் பிளக்கைத் தொடலாம். கம்ப்ரசர் எந்தக் கோணத்தில் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துக் குச்சியின் சரியான அளவு மாறும், அதற்குத் தனி அட்டவணை. நான் தொழில் கற்ற இடத்தில் அந்தக் குச்சி சுவரில் ஆணியில் தொங்கும். இப்போதைய கார்களில் கழற்றி, வடித்து, அளந்தால்தான் உண்டு. வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து கிடையாது.

கம்ப்ரசரை இறக்கினோம். பைப் கழற்றிய உடனே எல்லா வாயையும் மூடியால் அடைத்தோம், மழைக்காலமாக இல்லாவிட்டாலும் பிஏஜி எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். கம்ப்ரசரைக் கவிழ்த்து, அளவுக் கோடு போட்ட குடுவையில் வடியவிட்டு, கம்ப்ரசரை பெல்ட் புல்லியோடு இணைக்கும் கிளட்ச்சின் முன்தட்டைக் கையால் சுற்றினேன். புல்லியைச் சுற்றினால் பயனில்லை. அது பேரிங்கில் வெறுமனே சுற்றும், உள்ளே ஷாஃப்ட் அசையாது. புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் எல்லோரும் முதலில் செய்யும் பிழை இது. இருபது நிமிடம் பொறுமையாக வடித்ததில் 90 மில்லி வந்தது.

அடுத்து கண்டென்சர், கூலிங் காயில், பைப்புகள் ஒவ்வொன்றிலும் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் விட்டு, மறுமுனையில் பாட்டிலைப் பிடித்தோம். எல்லாம் சேர்ந்து 65 மில்லி. ஆக 30, 90, 65 மூன்றையும் கூட்டினால் 185 மில்லி. உள் சுவர்களில் ஒட்டி வராமல் நின்றது தனி. 120 இருக்க வேண்டிய இடத்தில் குறைந்தபட்சம் 65 மில்லி கூடுதல், அதாவது பாதிக்கும் மேல்.

எண்ணெயின் முகத்தையும் பார்த்தேன். புது பிஏஜி தெளிவாக, வெளிறிய நிறத்தில் இருக்கும். இது மஞ்சள் கலந்து மங்கலாக இருந்தது. கருகிய வாசனை இல்லை. வெள்ளை டிஷ்யூவில் இரண்டு சொட்டு விட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், வெள்ளி மினுமினுப்பு துளியும் இல்லை. இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. உள்ளே தேய்வது அலுமினியம், காந்தத்தில் ஒட்டாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் கம்ப்ரசர் தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இங்கே கம்ப்ரசர் ஆரோக்கியமாக இருந்தது. 22,000 ரூபாய்க்கு மாற்றச் சொன்ன கம்ப்ரசர்!

டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டேன், கேஸ் அடிக்கும்போது எண்ணெயும் போட்டார்களா என்று. "மூணு கடையிலும் ஆயில் சேர்த்தேதான் அடிச்சோம்னு சொன்னாங்கண்ணே, அதுக்குத் தனியா காசும் வாங்கினாங்க" என்றார். கணக்கு நேரானது.

அந்தக் கடைக்காரர்கள் ஏமாற்றும் எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேஸ் போனால் எண்ணெயும் போயிருக்கும், எண்ணெய் கொஞ்சம் அதிகம் இருந்தால் கம்ப்ரசருக்கு நல்லதுதானே என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. இரண்டுமே தவறு. மாதக்கணக்கில் மெதுவாகக் கசியும் லீக்கில் வெளியேறுவது பெரும்பாலும் ஆவிதான். எண்ணெய் மிகச் சிறிதளவே போகும், அந்த இடத்தில் பிசுக்காகத் தெரியும். ஹோஸ் வெடித்தாலோ, மோதி கண்டென்சர் கிழிந்தாலோதான் எண்ணெய் அள்ளிக்கொண்டு போகும். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு முறையும் இருபது மில்லி, முப்பது மில்லி என்று உள்ளே போனது, வெளியே வரவில்லை.

கூடுதல் எண்ணெய் என்ன செய்கிறது? கூலிங் காயிலின் உள் சுவரில் தடித்த படலமாகப் படிந்து, குளிர் காற்றுக்குப் போவதைத் தடுக்கிறது. கண்டென்சரில் கேஸ் குளிர்ந்து திரவமாக வேண்டிய இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது, ஹை பக்கம் ஏறுகிறது. வெயில் குறைவான காலையில் சமாளித்துவிடும். நண்பகலில், அதிலும் சிக்னலில் காற்றோட்டம் இல்லாமல் நிற்கும்போது, முடியாமல் போகும். இரவில் கம்ப்ரசரில் தேங்கிய எண்ணெய் காலையில் பிஸ்டனுக்கு முன் திரவமாகவே வந்து நிற்கிறது. ஆவியை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. அந்தக் "கட்கட்" சத்தம் அதுதான். இப்படியே இன்னும் சில மாதம் ஓடியிருந்தால் வால்வ் தகடு உடைந்து கம்ப்ரசர் நிஜமாகவே போயிருக்கும்.

எண்ணெய் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நான் வேறொரு வண்டியில் கற்றேன், அந்தப் பாடம் இன்னும் வலிக்கிறது. 2012-இல் கல் பட்டு கண்டென்சர் கிழிந்து வந்த ஒரு வேனுக்குப் புது கண்டென்சர் மாட்டி, உள்ளிருந்த காற்றைப் பம்பால் இழுத்து வேக்கம் போட்டு, கேஸை அளந்து அடித்து அனுப்பினேன். பழைய கண்டென்சரோடு போன எண்ணெய்க்குப் பதில் நான் எதுவும் ஊற்றவில்லை. ஐஸ் போலக் குளிர்ந்தது, வேன்காரர் சந்தோஷமாகப் போனார். மூன்றாவது மாதம் கம்ப்ரசர் இறுகி பெல்ட் அறுந்து திரும்பி வந்தது. உள்ளிருந்த அலுமினியத் தூள் கண்டென்சரின் மெல்லிய குழாய்களில் எல்லாம் போய் அடைத்திருந்தது. அந்த வகைக் கண்டென்சரில் அடைத்த தூளைக் கழுவி எடுக்க முடியாது, மூன்று மாதமே ஆன கண்டென்சரைத் தூக்கிப் போட்டோம். செலவில் பாதியை நான் ஏற்றேன். அதற்குப் பிறகு எந்த உதிரிபாகம் மாற்றினாலும், கழற்றியதிலிருந்து வடித்து அளந்து, அதே அளவு புது எண்ணெயைப் புது பாகத்தில் ஊற்றாமல் மூடுவதில்லை. வடியாமல் போனால், கண்டென்சருக்கும் கூலிங் காயிலுக்கும் முப்பது நாற்பது மில்லி, ட்ரையருக்கு பத்து இருபது என்று, வண்டிக்கான சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவைப் பார்த்து ஊற்றுவேன். புது கம்ப்ரசர் பல நேரங்களில் சிஸ்டம் முழுமைக்கும் தேவையான எண்ணெயோடுதான் பெட்டியில் வரும். அதை அப்படியே மாட்டினால் பழைய எண்ணெயும் புது எண்ணெயும் சேர்ந்து, இந்த டாக்சியின் நிலைதான். பழையதிலிருந்து எவ்வளவு வடிந்ததோ, புதியதிலும் அவ்வளவுதான் விட வேண்டும்.

டாக்சிக்கு வருகிறேன். கூலிங் காயிலுக்குள் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றிவிட்டு, கண்டென்சர், கூலிங் காயில், பைப்புகளை ஃப்ளஷ் திரவத்தால் கழுவி, நைட்ரஜனால் நன்றாக உலர்த்தினோம். ஃப்ளஷ் திரவம் உள்ளே தங்கினால் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்துவிடும் என்பதால் இதில் அவசரம் கூடாது. சிஸ்டம் முழுக்கக் காலியானதால் கணக்கு எளிது: முழு 120 மில்லி புது எண்ணெய்.

பிஏஜி 46 என்பதில் 46 என்பது 40 டிகிரியில் எண்ணெயின் கெட்டித்தன்மை. கடைகளில் 46, 100, 150 மூன்றும் கிடைக்கும். கெட்டியானது நல்லது என்று 100-ஐ ஊற்றுகிறவர்கள் உண்டு. மெல்லிய எண்ணெய்க்காக வடிவமைத்த கம்ப்ரசரின் நுண்ணிய இடைவெளிகளுக்கு அது பொருந்தாது. ஸ்டிக்கரில் இருப்பதுதான் சட்டம். பாட்டிலும் புதிதாகத் திறந்ததாக இருக்க வேண்டும். போன மாதம் திறந்து மூடி தளர்வாகக் கிடந்த பாட்டிலை, யார் காசு கொடுத்தாலும் நான் ஊற்றமாட்டேன்.

மருந்துக் கடையில் வாங்கிய 60 மில்லி சிரிஞ்சுதான் என் அளவுகோல். 60 மில்லியைக் கம்ப்ரசரின் சக்ஷன் வாயில் ஊற்றி முன்தட்டைப் பத்துச் சுற்று சுற்றினேன். 30 மில்லி கண்டென்சரில், 30 மில்லி கூலிங் காயிலில். இந்த வண்டியில் ட்ரையர் கண்டென்சரின் ஓரத்திலேயே பை வடிவில் இருக்கிறது, அந்தப் பையையும் ஓ-ரிங்குகளையும் மாற்றினோம்.

பிறகு 150 பிஎஸ்ஐ நைட்ரஜன் நிரப்பி சோப்பு நுரை தடவினேன். மூன்று கடைக்காரர்களும் தேடாத லீக், கேஸ் அடிக்கும் லோ பக்க சர்வீஸ் வாயில் இருந்தது. உள்ளே இருக்கும் பின் வால்வில் ஐந்து வினாடிக்கு ஒரு குமிழி. மேல் மூடியையும் காணோம். அந்த மூடி தூசிக்காக மட்டும் இல்லை, அதன் ரப்பர்தான் இரண்டாவது காவல். ஒவ்வொரு முறை கேஸ் அடிக்கும்போதும் அதே பின்னை அழுத்தித் திறந்திருக்கிறார்கள். அந்த வாயைச் சுற்றி இருந்த எண்ணெய்ப் பிசுக்கை நானும் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். ஒரு டீ, வடை விலையில் முடிகிற பாகம். மாற்றி மூடி போட்டதும் குமிழி நின்றது.

45 நிமிடம் வேக்கம், 20 நிமிடம் மூடி வைத்து முள் அசைகிறதா என்று பார்த்தேன், அசையவில்லை. தராசில் 400 கிராம். முதலில் ஐட்லிங்கில் மூன்று நிமிடம் மட்டும் ஏசியை ஓடவிட்டேன், எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும் முன் இன்ஜினை முறுக்கக் கூடாது. அன்றும் 37 டிகிரிதான். அதே 1,500 ஆர்பிஎம், அதே திறந்த கதவுகள். லோ 32, ஹை 230, வென்ட்டில் 9 டிகிரி. டிரைவர் வென்ட்டின் முன் கையை நீட்டிக்கொண்டு ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

ஹைபிரிட், மின்சார வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கும் அவற்றைத் தொடும் மெக்கானிக்குகளுக்கும் ஒரு எச்சரிக்கை. அவற்றின் கம்ப்ரசருக்குள் உயர் மின்னழுத்த மோட்டார் எண்ணெயிலேயே நனைந்து ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்தான். அதில் பிஏஜி கலந்தால் மின்காப்பு குறைந்து, கசிவு மின்சாரம் என்று வண்டி சிஸ்டத்தையே நிறுத்திவிடும், ஆளுக்கும் ஆபத்து. பெட்ரோல் வண்டிக்குப் பயன்படுத்திய அதே ஹோஸிலும் மெஷினிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய்கூடப் போகக் கூடாது. தனிக் கருவிகள் இல்லாதவர்கள் அந்த வேலையை ஏற்காமல் இருப்பதே மரியாதை.

டாக்சி புறப்படும் முன் பானட்டின் உள்பக்கம், கம்பெனி ஸ்டிக்கருக்குக் கீழே, ஒரு சிறிய சீட்டு ஒட்டினேன். தேதி, பிஏஜி 46, 120 மில்லி, 400 கிராம், பின் வால்வ் மாற்றியது. கீழே ஒரு வரி: "அளக்காமல் எண்ணெய் சேர்க்க வேண்டாம்." அக்டோபரில் பிரேக் வேலைக்கு வந்தபோது பானட்டைத் திறந்து பார்த்தேன். லோ பக்க மூடி இடத்தில் இருந்தது, சுற்றிலும் பிசுக்கு இல்லை. மதிய வெயிலில் வென்ட்டில் தெர்மாமீட்டரை வைத்தேன். 9 டிகிரி. கேஜ் மாட்டவில்லை, சும்மா அந்தப் பின்னைத் திறக்க வேண்டிய தேவை இல்லை.